முப்பதைத் தாண்டாத வண்டி

எனக்கு எழுபத்தாறு வயது முடிந்துவிட்டது. ஐந்து பிள்ளைகளை வளர்த்து ஆளாக்கினேன். அதற்காக ஒருவரிடமும் போய்க் கைகட்டி நின்றதில்லை. படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. பஸ்ஸில் எழுதியிருக்கும் ஊர்ப்பெயரைப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன். அதற்கு மேல் எழுத்து எனக்கு வசப்படவில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல என் பேத்தி எழுதுகிறாள். அவள் இஷ்டத்துக்கு அழகுபடுத்தக் கூடாது என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

போன வாரம் என் பேரன் புதுக் கார் வாங்கினான். பருத்திப்பட்டு ஏரிக்கு எதிரே அவன் குடியிருக்கும் அடுக்குமாடி வாசலில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினார்கள். "ஆயா, ஏறு. பெங்களூர் வரிக்கும் ஒரே இழுப்பா இழுத்துட்டு வரலாம்" என்றான். புது இஞ்சினை அப்படி விரட்டலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் உங்க காலம் ஆயா. இப்ப மொத நாளே நூறுல போவலாம்" என்று சிரித்தான். நானும் சிரித்துவைத்தேன். வண்டி பூந்தமல்லியைத் தாண்டிப் பெங்களூர் ரோட்டில் ஏறியதும் கண்ணை மூடிக்கொண்டேன். ஆயா தூங்குகிறாள் என்று பாட்டைக்கூட நிறுத்தினார்கள். நான் தூங்கவில்லை.

எட்டு வயதில் அதே ரோட்டில் அதைவிடப் புதிய வண்டியில் நான் போயிருக்கிறேன்.

அப்போது நாங்கள் பாரிவாக்கத்தில் இருந்தோம். எங்கள் வம்சம் மொத்தமும் அடுத்தவர் நிலத்துச் சேற்றில் நின்ற வம்சம். சேற்றைவிட்டு ஏறி ஸ்டியரிங் பிடித்தது என் நைனா ஒருவர்தான். பூந்தமல்லியில் அரிசி மில் வைத்திருந்த முதலாளியிடம் டிரைவர் வேலை. அந்தக் காலத்தில் காருக்குப் பணம் கட்டிவிட்டு வருஷக்கணக்கில் காத்துக்கிடக்க வேண்டும். அப்படிக் காத்திருந்து முதலாளி வாங்கிய கறுப்புக் கார் மில் வாசலில் வந்து நின்றபோது, உமி பட்டுவிடக் கூடாது என்று நைனா அதன்மேல் தன் வேட்டியைப் போர்த்தினாராம். அம்மா அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்தக் கால வண்டிக்கு ஒரு நியமம் இருந்தது. முதல் ஐந்நூறு மைலுக்கு முப்பது மைல் வேகத்தைத் தாண்டக் கூடாது. நடுநடுவே நிறுத்தி ஆறவைக்க வேண்டும். உள்ளே இரும்பும் இரும்பும் ஒன்றோடொன்று உரசிப் பழகுகிற வரைக்கும் அவசரப்படுத்தினால் இஞ்சின் இறுகி நின்றுவிடும். நிற்காமல் தப்பினாலும் ஆயுசுக்கும் நோஞ்சானாகிவிடும் என்பார்கள். "இப்போதிக்கு அது பச்ச ஒடம்புக்காரி மாதிரி. நாமதான் பாத்துக்கணும்" என்பார் நைனா. பின் கண்ணாடியில் 'ரன்னிங் இன்' என்று இங்கிலீஷில் ஒரு தாள் ஒட்டியிருந்தது. புது இஞ்சின், நீங்கள் முந்திக்கொண்டு போங்கள் என்று பின்னால் வருகிறவனுக்குச் சொல்வது அது.

கார் வந்த சில நாளில் மில்லுக்கு ஒரு தந்தி வந்தது. என் சித்தி, அதாவது அம்மா இடுப்பில் தூக்கி வளர்த்த தங்கை, ஆம்பூருக்கு அந்தாண்டை ஒரு கிராமத்தில் வாழ்க்கைப்பட்டிருந்தாள். சித்தப்பாவுக்கு அங்கே தோல் பதனிடுகிற ஷாப்பில் வேலை. சித்திக்கு முதல் பிரசவம். பிள்ளை பிறந்துவிட்டது, தாய்க்குக் காய்ச்சல் முற்றிவிட்டது, உடனே புறப்படுங்கள் என்று தந்தி. முதலாளிதான் படித்துச் சொன்னார். உள்ளூர் மருத்துவச்சி கைவிரித்தால் அந்தப் பக்கத்தில் எல்லாருக்கும் வேலூர் பெரிய ஆஸ்பத்திரிதான் கதி.

முதலாளி ஒரு நிமிஷம் யோசித்துவிட்டு, "புது வண்டிய எடுத்துகினு போடா. அந்தப் பொண்ண ஏத்தி வேலூர் ஆஸ்பத்திரில சேத்துட்டு வா. போக வர பாதி மைலு கழிஞ்சிடும், எனக்கும் ஒரு வேல முடிஞ்ச மாதிரி. ஆனா முப்பதத் தாண்டாத" என்றார். நைனாவுக்குக் கண் கலங்கிவிட்டது. தான் இன்னும் ஏறி ஊர் போகாத வண்டியைக் கூலிக்காரன் குடும்பத்துக்குக் கொடுக்கிற மனுஷன் எங்கே கிடைப்பான்? முதலாளி அதோடு விடவில்லை. தன் செலவிலேயே பதில் தந்தியும் கொடுத்தார். காரில் வருகிறோம், ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகத் தயாராக இருங்கள் என்று.

மறுநாள் விடிகாலையிலேயே அம்மா தலை முடித்து நின்றாள். ஆனால் புது வண்டி முதல்முதலாக நெடும்பயணம் போகிறது. பூசணிக்காய் உடைக்காமல் அனுப்ப முதலாளி வீட்டில் சம்மதிக்கவில்லை. பூசாரி வந்து சேரும்போது ராகுகாலம் பிறந்துவிட்டது. அது முடிகிற வரைக்கும் அம்மா காருக்குப் பக்கத்திலேயே நின்றாள், ஏறவும் முடியாமல், உட்காரவும் முடியாமல். கற்பூரம் காட்டி, சக்கரத்தில் எலுமிச்சம்பழம் நசுங்கியபோது வெயில் சுள்ளென்று ஏறியிருந்தது.

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் இல்லை. சீட்டில் போட்ட பிளாஸ்டிக் உறையைக்கூட இன்னும் எடுக்கவில்லை. அசைந்தால் கிறீச்சென்று சத்தம் போடும். அதற்காகவே நான் அசைந்துகொண்டிருந்தேன். ரோட்டோரப் பிள்ளைகள் கூடவே ஓடிவந்தன. நான் பெரிய வீட்டுப் பெண் மாதிரி கை ஆட்டினேன். வண்டி மெதுவாகப் போவது எனக்கு ரொம்பப் பிடித்தது. சீக்கிரம் போனால் சீக்கிரம் இறங்கவேண்டுமே.

ஸ்ரீபெரும்புதூருக்கு முன்னாலேயே பஸ் எங்களைத் தாண்டியது. பிறகு லாரி தாண்டியது. ஒரு லாரிக் கிளீனர் தலையை நீட்டி, "இன்னா அண்ணாத்தே, பொண்ணு மாப்ள ஊர்கோலமா? மேளம் எங்க?" என்று கத்தினான்.

"ரன்னிங் இன்னுபா! பின்னால எழுதிகீது பாரு" என்று நைனா பெருமையாகக் கத்தினார்.

அம்மா சிரிக்கவில்லை. "கொஞ்சம் அழுத்திப் போய்யா" என்றாள்.

"அழுத்தினா பிஸ்டன் புடிச்சிக்கும்மே. நடு ரோட்ல நின்னுட்டா உன் தங்கச்சிய இன்னாத்துல ஏத்திகினு போவ?"

நைனா சொன்னதில் பொய் இல்லை. அவர் கல்நெஞ்சக்காரர் அல்ல. வண்டியைப் பாழாக்கிவிட்டால் சித்தியும் போவாள், வேலையும் போகும், நம்பிக் கொடுத்தவர் முகத்தில் முழிக்கவும் முடியாது என்று அவருக்கு மூன்று பயம். ஸ்பீடு காட்டும் முள் முப்பதைத் தொட்டதும் காலைத் தளர்த்திவிடுவார். ஊருக்கு ஊர் நிழல் பார்த்து நிறுத்தி, பானெட்டைத் திறந்து, புறங்கையால் தொட்டுப் பார்த்து, ஆறட்டும் என்று நிற்பார். எனக்குக் கோலி சோடா வாங்கிக் கொடுத்தார். அம்மா வண்டியைவிட்டு இறங்கவேயில்லை.

வாலாஜா பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் நிறுத்தியபோது ஆம்பூர் பஸ் ஒன்று புறப்பட உறுமிக்கொண்டிருந்தது.

"என்ன எறக்கி வுட்ரு. நான் பஸ்ல முன்னால போறேன்" என்றாள் அம்மா.

"போயி? வண்டி வந்தாத்தானே அவள ஏத்த முடியும்? நீ பஸ்ல எறங்கி, பின்னாடி கார் காலியா வந்தா, ஊரே சிரிக்கும்மே."

"சிரிச்சா சிரிக்கட்டும்."

"குந்து பேசாம. வந்துட்டோம்."

பஸ் போய்விட்டது. வேலூருக்குள் நுழைந்தபோது வலதா இடதா நினைவில்லை, ஆஸ்பத்திரி கட்டடம் வந்தது. அம்மா கழுத்தைத் திருப்பி, அது கண்ணைவிட்டு மறைகிற வரை பார்த்துக்கொண்டே வந்தாள். எங்களுக்குச் சேரவேண்டிய இடம் அதுதான். நாங்கள் வெறும் வண்டியோடு அதைத் தாண்டிப் போனோம்.

கிராமத்துக்குப் போய்ச் சேரும்போது வெயில் சாய்ந்துவிட்டது. தெருவே வாசலில் நின்றது. சித்தியைக் கயிற்றுக் கட்டிலோடு வெளியே கொண்டுவந்து வேப்பமர நிழலில் போட்டிருந்தார்கள். காலையிலேயே தலைவாரி, கலியாணப் புடவையை உடுத்திவிட்டிருந்தார்கள், காரில் ஏறுகிறவள் என்று. புடவைக்குள் ஆளே இல்லாத மாதிரி இருந்தாள். பிள்ளையைப் பக்கத்து வீட்டுப் பெண் ஒருத்தி பால் கொடுத்து வைத்திருந்தாள்.

சித்தப்பா ஓடிவந்து நைனாவின் கையைப் பிடித்துக்கொண்டார். "வெடிகாலைலயே தோல் ஷாப்பு லாரி வேலூருக்குப் போச்சு அண்ணா. ஏத்தி வுடு, சேத்துடறேன்னு டிரைவரு தானா வந்து கேட்டான். நாந்தான் வேணாம்னுட்டேன். கார் வரும்போது லாரில எதுக்குத் தூக்கிப் போடறது, நீங்களே சொல்லுங்க."

நைனா குனிந்து சித்தியின் முகத்தைப் பார்த்தார். சித்தி கண்ணைத் திறந்து, "இதானா மாமா வண்டி? மொகம் தெரியுது அதுல" என்றாள். அவள் பேசி நான் கேட்டது அவ்வளவுதான்.

பின் சீட்டில் சித்தியைப் படுக்கவைத்தார்கள். தலை அம்மா மடியில், கால் என் மடியில். சித்தப்பா முன்னால் ஏறிக்கொண்டார். வண்டி ரோட்டைத் தொட்டதும் நைனா அழுத்தினார். முள் முப்பதைத் தாண்டியது. நாற்பதைத் தாண்டியது. எனக்கு எண் படிக்கத் தெரியும். எக்கி எக்கிப் பார்த்தேன். ஐம்பது. இஞ்சின் அலறியது. புளியமரமெல்லாம் பின்னால் பறந்தது. காலையில் எங்களைத் தாண்டினது மாதிரியே ஒரு பஸ்ஸை இப்போது நாங்கள் தாண்டினோம். எனக்குக் குதிக்க வேண்டும் போல இருந்தது. மடியில் கால் இருக்கிறதே என்று அடங்கி உட்கார்ந்தேன். அம்மா குனிந்து சித்தியின் காதில் ஏதோ பேசிக்கொண்டே வந்தாள்.

பள்ளிகொண்டா தாண்டியிருக்கும். அம்மா பேச்சை நிறுத்தினாள். புடவைத் தலைப்பை இழுத்துச் சித்தியின் முகத்தில் வெயில் படாமல் மறைத்தாள். கொஞ்ச நேரம் கழித்து, சாதாரணமாகச் சொன்னாள்.

"மெதுவாவே போய்யா."

"இன்னாமே?"

"வண்டி புதுசு. மெதுவாவே போ."

நைனா கண்ணாடியில் அம்மாவைப் பார்த்தார். அம்மாவும் பார்த்தாள். முள் இறங்க ஆரம்பித்தது. நாற்பது, முப்பத்தைந்து, முப்பது. அங்கேயே நின்றது.

"ஏன் அண்ணா, இன்னா ஆச்சு?" என்று சித்தப்பா பதறினார்.

"ஒண்ணுமில்லப்பா. இஞ்சின் சூடாயிடுச்சி" என்றார் நைனா. நான் வாயைத் திறந்தபோது, "சித்தி தூங்குறா, பேசாத" என்று அம்மா என் கையை அழுத்தினாள்.

ஆஸ்பத்திரி வாசலில் டாக்டர் வண்டிக்கே வந்து பார்த்துவிட்டு, உயிர் வழியிலேயே போய்விட்டது என்றார். சித்தப்பா தரையில் விழுந்து புரண்டது நினைவிருக்கிறது. புது வண்டியில் உயிர் போன சங்கதி முதலாளி காதுக்குப் போகவே இல்லை. ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு போய்விட்டது என்று நைனா சொன்னார். முதலாளி பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்தக் காரை வைத்திருந்தார். தன் மகளைப் பெண்ணும் மாப்பிள்ளையுமாக அதில்தான் அழைத்துவந்தார். வருகிறவர்களிடமெல்லாம், "இஞ்சின் சத்தம் கேக்குதா பாருங்க. பழக்கினவன் கை அப்படி. பொறும உள்ளவன்" என்று நைனாவைக் காட்டுவார். நைனா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருப்பார்.

பள்ளிக்கூடத்துக்குப் போனதும் நான் எல்லாரிடமும் ஐம்பதில் போன கதையைச் சொன்னேன். காலையெல்லாம் வேகமாகப் போ, வேகமாகப் போ என்று கெஞ்சியவள், வேகமாகப் போனதும் எதற்கு மெதுவாகப் போகச் சொன்னாள் என்று எனக்கு விளங்கவில்லை. எங்கள் அம்மா பயந்துவிட்டாள் என்றேன். அந்த வேகத்திலும் கண்ணை மூடிக்கொண்டு அசையாமல் படுத்திருந்த சித்திக்குத்தான் எத்தனை தைரியம் என்றும் சொன்னேன்.

இவ்வளவுதான். எங்கே, முதலிலிருந்து ஒரு தரம் படி பார்க்கலாம். நான் சொன்னபடிதான் எழுதியிருக்கிறாயா என்று கேட்கிறேன்.