தாளிக்காத பங்கு

என் பெயரில் இன்று நாலு லாரி ஓடுகிறது. நான் மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன். ஒரே ஒரு மாட்டு வண்டியோடு தொடங்கி, மோகனூர்ப் பக்கம் கடலைக்காய் மூட்டை ஏற்றி ஏற்றி இந்த நிலைக்கு வந்தேன். ஒருத்தன் தூக்கிவிட்டான் என்று யாரும் சொல்ல முடியாது. அதைவிடப் பெருமை ஒன்று உண்டு. பருப்புக் கடைவதில் எனக்கு ஈடு கிடையாது. வண்டிப் பேட்டையில் மூன்று கல் கூட்டி நான் சட்டி வைத்தால், மற்ற வண்டிக்காரர்கள் தங்கள் சோற்றைத் தூக்கிக்கொண்டு என் பக்கம் வந்துவிடுவார்கள். என் கைவேலை தாளிப்பில்தான் இருந்தது. கடுகு பொரிந்து அடங்குவதற்குள் வெங்காயம் விழ வேண்டும். அந்த நேரம் எனக்குத் தெரிந்தது போல யாருக்கும் தெரியாது.

அந்தக் கை செய்த காரியத்தைத்தான் இப்போது எழுத வந்தேன்.

இரண்டாவது உலகச் சண்டை தொடங்குவதற்குச் சில வருசம் முந்தி, என் மகளுக்கு அம்மை கண்டது. நாலு வயது. அவளுக்கு முன் பிறந்த இரண்டும் தங்கவில்லை. எங்களுக்கு இருந்தது அவள் ஒருத்திதான். வாசலில் வேப்பிலை கட்டினோம். அம்மை கண்ட வீட்டுக்குள் அக்கம்பக்கத்தார் வரமாட்டார்கள், அது ஊர் வழக்கம். மூன்றாம் நாள் என் மனைவி வீட்டுக்கு விலக்காகிவிட்டாள். சாதாரண நாளிலேயே அடுப்படிக்கு வரக் கூடாது. ஆத்தா இறங்கியிருக்கும் வீட்டில் அவள் நிழல்கூட விழக் கூடாது. மாட்டுக் கொட்டகையில் போய் உட்கார்ந்துகொண்டாள். பிள்ளைக்கும் அவளுக்கும் நடுவில் இருபது அடி இருக்கும், அவ்வளவுதான். அந்த இருபது அடியை அவள் தாண்ட முடியாது.

பிள்ளை ஒன்றரை நாளாக வாயில் எதையும் வைக்கவில்லை. கேழ்வரகுக் கூழைத் துப்பினாள். இளநீரைத் தள்ளிவிட்டாள்.

"ஏனுங்க, பாசிப்பருப்பும் சுரைக்காயும் போட்டுக் கடைஞ்சு குடுங்க," என்று கொட்டகையிலிருந்து குரல் கொடுத்தாள் மனைவி. "அது குளிர்ச்சி. ரெண்டு வாய் உள்ள போனாப் போதும், எந்திரிச்சுக்குவா."

"எனக்கே சொல்லித் தாறயா புள்ள? பேட்டையில வந்து கேட்டுப் பாரு."

"பேட்டைப் பருப்பு வேண்டாமுங்க சாமி. உப்புக் கம்மியா இருக்கோணும். சீரகத்தை உள்ளங்கையில தேய்ச்சுப் போடுங்க. தாளிச்சுப்போடாதீங்க."

அது எனக்கும் தெரியும். அம்மை இருக்கும் வீட்டில் எண்ணெய் காயக் கூடாது, கடுகு வெடிக்கக் கூடாது. ஆத்தாளுக்குப் பொறுக்காது. பருப்பைக் குழைய வேகவைத்தேன். சுரைக்காயைப் பொடியாக அரிந்து போட்டேன். நாலு சின்ன வெங்காயம், ஒரு சிட்டிகை மஞ்சள். மத்தால் கடைந்து, சோற்றில் பிசைந்து எடுத்துப் போனேன். பிள்ளை முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"வாசமே இல்லீங்கப்பா."

"ஒரு வாய் சாமி. அப்பனுக்காக."

"நீங்க செய்யற மாதிரி இல்லீங்க."

கொட்டகையிலிருந்து, "தின்னாளாங்க?" என்று கேட்டாள் மனைவி. பிள்ளையின் விலா எலும்பை எண்ணலாம் போல இருந்தது. அவள் சொன்ன சொல் வேறு என் காதில் நின்றது. நான் செய்கிற மாதிரி இல்லையாம். மறைக்காமல் எழுதுகிறேன், பிள்ளைக்கு என்ன ஆகுமோ என்ற பயம் பாதி என்றால் அந்தச் சொல் பாதி. அடுப்படிக்குப் போனேன். கரண்டியில் கடலை எண்ணெய் ஊற்றி நெருப்பில் காட்டினேன். கடுகு போட்டேன்.

"ஏனுங்க! என்னங்க சத்தம் அது?"

"வெறகு வெடிக்குது புள்ள. ஈர வெறகு."

அவள் மறுபடி கேட்கவில்லை. வெங்காயம் சிவந்தது. சட்டியில் கொட்டினேன். பிள்ளை கிண்ணத்தை வழித்துத் தின்றாள்; இன்னும் கொஞ்சம் கேட்டாள். நான் ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன்.

மறுநாள் காய்ச்சல் ஏறியது. முத்துகள் கண் இமைக்குள்ளும் வந்தன. மூன்று நாள் அவள் கண் திறக்கவில்லை. மனைவி தலைக்குக் குளித்து உள்ளே வந்தபோது, முதலில் பிள்ளையிடம் போவாள் என்று பார்த்தேன். அடுப்படிக்குப் போனாள். தாளிப்புக் கரண்டியை எடுத்துத் திருப்பினாள். அடியில் கருகிய கடுகு இரண்டு ஒட்டிக்கொண்டிருந்தது. நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, கரண்டியைக் கழுவி வைத்தாள். என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. கேட்டிருந்தால் சண்டை போட்டிருப்பேன், எனக்கு அது கைவந்த கலை.

பிள்ளை பிழைத்தாள். அம்மை இறங்கியதும் தலைக்கு மூன்று தண்ணீர் ஊற்றினோம். இடது கண்ணில் பூ விழுந்துவிட்டது. அந்தக் கண்ணுக்குப் பார்வை இல்லை. மனைவி கோயிலுக்கு வெள்ளிக் கண்மலர் வாங்கிப் போட்டாள். இனித் தாளித்த பண்டம் தொடுவதில்லை என்று அங்கேயே வேண்டிக்கொண்டாள்.

அன்று முதல் எங்கள் வீட்டில் அவரைக்காய்ப் பொரியலோ, தட்டைப்பயறோ, கீரையோ, எது வெந்தாலும் அவள் பங்கைச் சின்னக் கிண்ணத்தில் முதலில் எடுத்து வைத்துவிடுவாள். பிறகுதான் எங்களுக்குத் தாளிப்பாள். சேலத்தில் கண் டாக்டரிடம் பிள்ளையைக் காட்டினேன். அம்மைப் புண் கண்ணுக்குள் வந்தால் அப்படித்தான் ஆகும், சாப்பாட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றார். ஓடிவந்து மனைவியிடம் சொன்னேன்.

"அவருக்கென்னங்க தெரியும்? அந்தச் சத்தத்தை அவரா கேட்டாரு?" என்றாள்.

நான் இன்றும் சொல்வேன், அந்தக் கிண்ணம் உள்ளே போனதால்தான் பிள்ளை எழுந்தாள். ஆனால் இதை என் வீட்டில் சத்தமாகச் சொல்ல எனக்கு வாய் வந்ததில்லை.

மகளுக்குப் பதிமூன்று வயது இருக்கும்போது ஒருநாள் கொள்ளுப் பருப்புக் கடைந்துகொண்டிருந்தாள். என் கை அவளுக்கு அப்படியே வந்திருந்தது. தாயின் கிண்ணத்தை எடுத்து வைத்தவள், "எதுக்கும்மா நீ மட்டும் தாளிக்காமத் திங்கறே?" என்று கேட்டாள்.

"உங்கொப்பனைக் கேளு," என்றாள் என் மனைவி.

ஒன்பது வருசத்தில் அதற்கு என்னைப் பதில் சொல்லச் சொன்ன முதல் வார்த்தை அது. வயிற்றுக்கு ஆகாது என்று சொல்லிவிடலாமா என்று பார்த்தேன். ஈர விறகு ஞாபகம் வந்தது. உள்ளதைச் சொன்னேன், கடுகு போட்டது, பொய் சொன்னது, எல்லாவற்றையும். மகள் நல்ல கண்ணை என் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நான் தின்னேனுங்களா?"

"கிண்ணத்தை வழிச்சுத் தின்னே சாமி."

அவள் இன்னொரு சின்னக் கிண்ணம் எடுத்துத் தன் பங்கையும் தனியே வைத்தாள். பிறகு கரண்டியைக் காய வைத்து, கடுகு பொரிய, வெங்காயம் சிவக்க, நேரம் தப்பாமல் தாளித்து, சட்டியில் மிச்சம் இருந்த என் பங்கில் மட்டும் கொட்டினாள்.