தண்ணீர் கேட்டு உள்ளே நுழைந்தவர்

எங்கள் தொழிற்பயிற்சிக்கு ஆள் சேர்க்க இலஞ்சியில் ஒரு வீட்டு வாசலில் நின்றிருந்தேன். "எம் மவன் குத்தாலத்துல சீசன் கடையில நிக்கான் சார். படிப்பெல்லாம் இனி தோதுப்படாது" என்று அந்த அம்மா கதவைச் சாத்தப் போன நேரத்தில் போன் வந்தது. கதீஜா டீச்சர் மௌத்து, இறந்துவிட்டார் என்று செய்தி. சொன்ன நண்பர், "இனி நம்ம எலக்ட்ரீஷியன் பிரிவு அவ்வளவுதான்" என்றும் சேர்த்துச் சொன்னார். எனக்கு அழுகைக்கு முன்னால் கோபம்தான் வந்தது.

தென்காசிப் பக்கம் ஒரு தொழிற்பயிற்சி நிலையத்தில் டீச்சரும் நானும் எலக்ட்ரீஷியன் பிரிவு நடத்தினோம். ஆள் சேராவிட்டால் இந்த வருடம் மூடிவிடுவதாக மேலிடம் சொல்லியிருக்கிறது. உழைக்கும் வயதில் இத்தனை பேர் இருப்பது நாட்டுக்கு வரம் என்று அதே மேலிடத்தார் ஒரு கூட்டத்தில் பேசினார்கள். டீச்சர் எழுந்துவிட்டார். "வயசு வந்தா மட்டும் வரமா சார்? கையில தொழில் வரண்டாமா?"

வளைகுடாவுக்குப் போகிற பையன் வீட்டில் விருந்து நடந்தால் டீச்சர் அழைப்பில்லாமலே போய்விடுவார். அச்சன்புதூரில் அப்படி ஒரு வீட்டுக்கு நானும் கூடப் போனேன். பையனுக்கு மாமா அனுப்பியது ஹெல்ப்பர் விசா. "ஏலே, மூட்டை தூக்கவா போறே? வயரிங் படிச்சிட்டுப் போலே" என்று கெஞ்சினார். பையன் அடுத்த வாரமே விமானம் ஏறிவிட்டான்.

டீச்சர் விடுவாரா? மறுபடி அதே வீட்டுக்குப் போய், அவன் தங்கை ஷமீமாவைப் பிடித்தார். "அவன் போனாப் போறான். ஏட்டி, நீ வா."

"பொம்பளப்புள்ள கரண்டு போஸ்ட் மரம் ஏறுமா டீச்சர்?" என்றார் அவள் உம்மா.

"ஏறுவா. பாத்துக்கிட்டே இருங்க."

ஷமீமா இன்று தென்காசியில் மோட்டார் பழுது பார்க்கும் கடை வைத்திருக்கிறாள். குற்றாலத்து லாட்ஜ் மோட்டார்கள் அவளிடம்தான் வருகின்றன. விடுப்பில் வரும் அண்ணன் அந்தக் கடையில் உட்கார்ந்து தொழில் பழகுகிறான்.

விரட்டினால் என்ன செய்வீர்கள் என்று டீச்சரிடம் ஒருமுறை கேட்டேன். "தண்ணி கேப்பேன். இல்லேன்னு எந்த வீட்டுலயும் சொல்ல மாட்டாங்க. செம்பு வருததுக்குள்ள உள்ள போயி உக்காந்திருவேன்" என்று சிரித்தார்.

அவரை அறிந்தவர்களே, பிரிவு முடிந்தது என்று யாரும் என்னிடம் சொல்ல வேண்டாம். டீச்சரிடமிருந்து எனக்குக் கிடைத்த சொத்து இந்த வெட்கமின்மை ஒன்றுதான். அதை நான் விடுவதாக இல்லை.

அன்று போனைச் சட்டைப்பையில் போட்டேன். முகத்தைத் துடைத்துக்கொண்டு, அந்த அம்மா சாத்திவிட்ட கதவைத் தட்டினேன்.

"அம்மா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி தருவீங்களா?"