கதிர் வந்த கிழமை

எனக்கு எட்டு வயதானபோது மாமாவுக்குப் பசளைப் பைத்தியம் பிடித்தது. ஊரைவிட்டு வந்து நாங்கள் குடியேறிய டோர்செட் பார்க்கில் எங்கள் கட்டடத்துக்குப் பின்னால், மின்கம்பிகளுக்குக் கீழே, அம்மாவுக்கு ஒரு துண்டுத் தோட்டம் கிடைத்திருந்தது. முந்தின கோடையில் அவருடைய கத்தரி பிஞ்சிலேயே வாடிவிட்டது. மண்ணில் சத்தில்லை, பசளை போடவேண்டும் என்று மாமா தீர்ப்புச் சொன்னார். ஊரில் புகையிலைத் தோட்டத்துக்குக் குழை தாழ்ப்பதுபோல, இங்கே ஒரு பயிரை வளர்த்து அப்படியே மண்ணுக்குள் புதைக்கவேண்டுமாம்.

விதைக் கடையில் ஓட்ஸ் மலிவு. ஆனால் குளிர் இறுகியதும் செத்துவிடும். மாமா கோதுமைபோலக் கதிர் விடும் றை என்ற புல்லை எடுத்தார். அது பனிக்கு அசையாது, உயரமாகவும் வளரும்.

“எவ்வளவு உயரமோ அவ்வளவு பசளை, அக்கா.”

“தின்ன உதவாத புல்லுக்கு உவ்வளவு ஆராய்ச்சி” என்றார் அம்மா.

செப்டெம்பரில் விதைத்தது பனிக்குள் கிடந்து ஏப்ரலில் எழும்பியது. கதிர் வருமுன் வெட்டிப் புதைத்துவிட வேண்டும். பிந்தினால் தண்டு முற்றிவிடும், மண்ணோடு மண்ணாக உக்காது, கத்தரிக்கு ஒன்றும் மிஞ்சாது. மாமாவுக்கு பேக்கரி வேலை. பள்ளிக்கூடத்தால் வரும் வழியில் பார்த்துச் சொல்வது என் பொறுப்பு.

மே நடுவில் றை என் நெஞ்சளவு வந்துவிட்டது. நடுவில் கொஞ்சத்தை மிதித்துப் படுத்துப் பார்த்தேன். வானத்தைத் தவிர ஒன்றும் தெரியவில்லை. இரண்டு அறை வீட்டில் நாங்கள் ஏழு பேர். நான் தனியே இருந்த முதல் இடம் அதுதான். அவ்வளவு சந்தோஷம் எனக்கு. சில நாளில் கதிர் தலைகாட்டியது.

“பிள்ளை, கதிர் வந்திட்டுதோ?”

“இன்னும் வரேல்லை, மாமா.”

கூசாமல் சொன்னேன். ஞாயிற்றுக்கிழமை மாமாவே மண்வெட்டியோடு வந்துவிட்டார். நான் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு கிடந்தேன். விளிம்பில் கிடந்த என் செருப்புவரை வந்துவிட்டுத் திரும்பிப் போனார்.

“கதிர் வரேல்லை, அக்கா. இன்னும் ஒரு கிழமை நிக்கட்டும்” என்று வீட்டில் சொன்னார்.

அவருக்குக் கண் பார்வை சரியில்லை என்று நினைத்தேன்.

அந்த வருடமும் கத்தரி மஞ்சளடித்துப் போனது. கோடை முழுக்க அம்மா மாமாவை வாட்டி எடுத்தார். அவர் “ஓம் அக்கா, என்ர பிழைதான்” என்று ஒவ்வொரு தரமும் ஒப்புக்கொண்டார். எனக்குப் பாவமாக இருந்தது, ஆனாலும் வாயைத் திறக்கவில்லை.

மாமா நாலு வருடமாக எங்கள் வீட்டு ஹோலில் சோபாவில் படுத்தவர். நாங்கள் எழும்புமுன் போர்வையை மடித்து வைத்துவிட்டு வேலைக்குப் போய்விடுவார். சாத்திக்கொள்ள ஒரு கதவு அவருக்கும் இருக்கவில்லை என்பது அப்போது எனக்குத் தெரியவில்லை.