காரைக்கால் காசு

கல்யாணமாகி மூலக்குளத்திலிருந்து புதுச்சேரி டவுனுக்கு வந்தபோது, என் கணவருக்குப் பழைய செப்புக்காசு சேர்க்கும் பழக்கம் உண்டென்று எனக்கு யாரும் சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் அதை நான் ஒரு குறையாக எண்ணியிருக்க மாட்டேன். கோர்ட்டில் குமாஸ்தா, குடிப்பதில்லை, சீட்டாடுவதில்லை. வீட்டில் வாயைத் திறப்பதே அபூர்வம். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் பேசுவார். அதுவும் என்னிடம் இல்லை.

ஞாயிறுதோறும் சர்ச்சில் பூசை முடிந்ததும் ஒரு மதாம் எங்கள் வீட்டுக்கு வருவார். தமிழ்க் குடும்பம்தான். ஆனால் பாட்டன் காலத்திலேயே பிரெஞ்சுக் குடியுரிமை வாங்கியவர்கள். கவுன் போட்டிருப்பார், பிரெஞ்சுப் பள்ளியில் டீச்சர். கல்யாணம் ஆகவில்லை. வயது முப்பத்தைந்து இருக்கும். அவரும் காசு சேர்ப்பவர். தமிழ் நன்றாகப் பேசுவார், படிக்கத் தெரியாது. பிரெஞ்சுக்காரர்கள் இங்கே அடித்த செப்புத் துட்டில் ஒரு பக்கம் லில்லிப் பூவும் மறுபக்கம் ‘புதுச்சேரி’ என்று தமிழும் இருக்கும். தேய்ந்துபோன அந்த எழுத்துகளைப் படித்துச் சொல்ல அவருக்கு என் கணவர் வேண்டும். ஒரே பூதக்கண்ணாடியில் இரண்டு பேரும் குனிந்து பார்ப்பார்கள். நான் அடுப்படியில் காப்பி கலந்துகொண்டே கேட்டுக்கொண்டிருப்பேன். எந்தக் காசு வீட்டுக்கு வீடு கிடக்கும், எது கிடைக்காது, பூ நடுவில் விழாமல் ஓரத்தில் விழுந்திருந்தால் என்ன மதிப்பு என்றெல்லாம் அந்த மனிதர் மடை திறந்ததுபோல் பேசுவார். எனக்கு வயிறு எரியும்.

நயா பைசா வந்த சமயம் அது. வீடுகளில் கிடந்த பழைய செப்புக்காசையெல்லாம் மக்கள் பாத்திரக் கடைக்கு எடைக்குப் போட்டார்கள். அங்கே உருக்கிவிடுவார்கள். இருக்கிறவற்றின் மதிப்பு இனி ஏறும் என்று மதாம் சொன்னார். என் கணவர் கடை கடையாக ஏறி இறங்கி ஒரு கை நிறையக் கொண்டுவந்தார். எல்லாம் கறுத்துப் பச்சைப் பாசி பிடித்திருந்தன. மறுநாள் மதாம் வருகிறாரே, இப்படி அழுக்காகவா காட்டுவது என்று நினைத்து, குத்துவிளக்கோடு சேர்த்து அவற்றையும் புளி போட்டுத் தேய்த்தேன். புதுக் குடம் மாதிரி பளபளத்தன.

மறுநாள் மதாம் வந்ததும் அவற்றை ஒரு தட்டில் பரப்பிக் கொண்டுவந்து வைத்தேன். என் கணவர் தட்டைப் பார்த்தார். முகம் சுண்டிப்போனது. மதாம்தான் ஒன்றை எடுத்துத் திருப்பிப் பார்த்து, “புளி போட்டீங்களாம்மா?” என்று கேட்டுச் சிரித்தார். கெட்ட எண்ணத்தில் சிரிக்கவில்லை. செம்பில் காலம் ஏற்றிய நிறம் போய்விட்டால் சேர்ப்பவர்கள் பாதி விலைக்குக்கூட வாங்க மாட்டார்கள் என்று பொறுமையாக விளக்கினார். அவர் கோபப்பட்டிருந்தால் எனக்கு இவ்வளவு வலித்திருக்காது. என் வீட்டில், என் புருஷன் முன்னால், எனக்கு மதாம் பாடம் எடுத்தார். இவரோ ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார்.

அதற்குப் பிறகு நானும் காசுகளைக் கவனிக்க ஆரம்பித்தேன். ஆசையால் அல்ல, ஆங்காரத்தால்.

மழைக்காலம் முடிந்து ஒருநாள், பெரிய மார்க்கெட்டில் மீன் வாங்கிக்கொண்டிருந்தேன். மீன்காரம்மாவின் தராசில் இரண்டு தட்டும் சமமாக நிற்பதற்காக ஒரு தட்டின் அடியில் செப்புக்காசு ஒன்றை மெழுகு வைத்து ஒட்டியிருந்தார். அதில் பூ இல்லை. எழுத்து மட்டும் தெரிந்தது, அதுவும் ‘பு’ என்று தொடங்கவில்லை. அந்த இடத்தில் ஒட்டிக்கொள்ள என்னிடமிருந்த காலணாவைக் கொடுத்து அதைக் கேட்டேன். இந்தக் கறுப்புக் காசு எதற்கு என்று அவர் ஆச்சரியப்பட்டார். “எடுத்துக்கினு போம்மா, தட்டு ஆடாம இருந்தா எனக்குப் போதும்” என்று பெயர்த்துக் கொடுத்தார்.

மெழுகை நகத்தால் சுரண்டிப் பார்த்தேன். ஒரு பக்கம் ‘புதுச்சேரி’. மறுபக்கம் ‘காரைக்கால்’. ஞாயிற்றுக்கிழமைப் பேச்சில் அடிக்கடி அடிபட்ட காசு அது. என் கணவரிடமும் இல்லை, மதாமிடமும் இல்லை.

நேராக வீட்டுக்குப் போகவில்லை. மீன் பையோடு கடற்கரைப் பக்கம் நடந்து மதாம் வீட்டுக் கதவைத் தட்டினேன். அவர் முகம் எப்படி மாறுகிறதென்று நான் பார்க்க வேண்டும். வேறு எதற்கும் போகவில்லை.

அவருக்கு அந்த எழுத்தை நான்தான் படித்துச் சொன்னேன். அவர் ஜன்னல் பக்கம் போய்க் காசை வெளிச்சத்தில் பிடித்தார். பிறகு தன் மரப்பெட்டியைத் திறந்து வைத்து, அதில் எது வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

“குடுக்க மாட்டேன் மதாம்” என்றேன்.

“நானா இருந்தாலும் குடுக்க மாட்டேன்” என்றார். ஆனால் காசைத் திருப்பித் தரும்போது அவர் விரல்கள் உடனே விடவில்லை. “முசே பார்த்துட்டாரா?” என்று கேட்டார். என் கணவரை அவர் பிரெஞ்சு முறையில் அப்படித்தான் அழைப்பார்.

இன்னும் இல்லை என்றேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

சாயங்காலம் என் கணவரிடம் காட்டினேன். வாங்கிப் பூதக்கண்ணாடியில் பார்த்தவர், நான் முதலில் மதாமிடம் போனதைச் சொன்னதும் அப்படியே கீழே வைத்துவிட்டார். “எனக்குக் காட்டாம அவங்களுக்கா காட்டின?” என்றார். அன்று சாப்பாட்டில் உப்பில்லை என்றார். மறுநாள் உப்பு அதிகம் என்றார். எனக்கு அந்த இரண்டு நாளும் உள்ளுக்குள் குளுகுளுவென்று இருந்தது. எரிச்சல் என்றால் என்னவென்று அவருக்கும் கொஞ்சம் தெரியட்டுமே.

மதாம் வருவது நிற்கவில்லை. என்னையும் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரவைப்பார். நானும் உட்காருவேன். ஆனாலும் அவர் “முசே” என்று அழைக்கும் அந்தக் குழைவு எனக்குக் கடைசிவரை பிடிக்கவில்லை.

புதுச்சேரி சட்டப்படி இந்தியாவோடு சேர்ந்த வருஷம், அவர் பிரான்சுக்குப் போக முடிவு செய்தார். விடைபெற வருவதற்கு முந்தைய நாள் என் கணவர் தயங்கித் தயங்கி என்னிடம் வந்தார்.

“போறவங்களுக்கு அந்தக் காரைக்கால் காசக் குடுத்து அனுப்பலாமா?”

“உங்க காசு எத்தன இருக்குது. அதுல ஒண்ணக் குடுங்க. அது என்னோடது.”

அதற்குமேல் அவர் கேட்கவில்லை. தன்னிடமிருந்த நல்ல லில்லித் துட்டு ஒன்றைக் கொடுத்தார்.

மதாம் போன பிறகு வந்த ஞாயிறுகளில் என் கணவர் செய்தித்தாளை விரித்துவைத்துக்கொண்டு பக்கத்தைத் திருப்பாமல் உட்கார்ந்திருப்பார். என்னால் தாங்க முடியாமல் ஒருநாள் நேராகவே கேட்டுவிட்டேன், எதை நினைத்து இப்படி இருக்கிறீர்கள் என்று. அவர் யோசித்துத்தான் பதில் சொன்னார்.

“அவங்க வந்தா பேச்சு இருக்கும்.”

“என்கிட்ட பேசுங்க” என்றேன்.

பெட்டியை எடுத்துவந்து தரையில் பாய் விரித்துக் காசுகளைப் பரப்பினார். முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தார். அத்தனையும் அடுப்படியிலிருந்து எத்தனையோ தடவை நான் கேட்டவைதான். தெரியாததுபோல் கேள்வி கேட்டேன். அவரும் உற்சாகமாகச் சொன்னார். இடையிடையே “மதாம் சொல்லுவாங்க” என்று ஆரம்பிக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சில் சுருக்கென்றது. ஆனாலும் நான் எழுந்து போகவில்லை.