கிடா சிலுப்பாத சனிக்கிழமை

1. நான் குறித்த தேதி

ஏற்காட்டு ரிசார்ட் ஒன்றில் டூர் மேனேஜராக இருந்தபோது, மாரமங்கலம் பக்கத்து மலையூர் ஒன்றின் திருவிழாவுக்கு நானே தேதி குறித்தேன். சாமியைக் கேட்கவில்லை. அவ்வளவு பெரிய ஆள் நான்.

கீழே சேலத்தைத் தொட்டு, நாடு விட்டு நாடு சரக்குப் போகும் எக்கனாமிக் காரிடார் வந்துகொண்டிருந்தது. அதை நம்பி ஃபேக்டரி போட்ட தைவான்காரர்களுக்கு வார லீவில் மலையேற ஆசை. 'ஹெரிட்டேஜ் வீக்எண்ட்' என்று பேக்கேஜ் போட்டேன். சனிக்கிழமைத் திருவிழா பிடித்துப்போனால் அந்தத் தைவான் கம்பெனியின் டூர் கான்ட்ராக்ட் முழுக்க எங்களுக்கு. "சொதப்புனீங்கன்னா திங்கக்கெழம வராதீங்க" என்றார் ஓனர்.

நோட்டீஸ் அடித்த பிறகுதான் விஷயம் தெரிந்தது. அந்த ஊரில் கிடா மேல் மஞ்சள் தண்ணீர் ஊற்றுவார்கள். அது உடம்பைச் சிலுப்பினால் சாமி உத்தரவு. கிடாவை வெட்டி அன்றே திருவிழா. சிலுப்பாவிட்டால் இன்னொரு நாள் பார்ப்பார்கள்.

"சனிக்கெழம சிலுப்பிருமுங்களா?" என்று ஊர்த்தலைவரான ஊர்க்கவுண்டரிடம் கேட்டேன்.

"ஏனுங்க, அத எங்கிட்டக் கேட்டா? கெடாவக் கேளுங்க."

2. ஃபிரிட்ஜ் தண்ணீர்

எம்.பி.ஏ. மூளை சும்மா இருக்குமா? ஃபிரிட்ஜில் வைத்த தண்ணீரைக் கேனில் கொண்டுபோய்ப் பூசாரியிடம் கொடுத்தேன். அந்தக் குளிருக்குக் கிடா சிலுப்பித்தானே ஆகவேண்டும்?

பூசாரி அதைக் குடத்தில் மஞ்சளோடு கலந்து ஊற்றினார். கிடா தழை தின்றுகொண்டிருந்தது. விருந்தாளிகள் கேமராவோடு நின்றார்கள். "இன்னுங் கொஞ்சம் ஊத்துங்க" என்று நான் கிட்டே போய்க் குனிந்தேன். கிடா திமிறிப் பூசாரியை இடித்தது. குடத்துத் தண்ணீர் முழுக்க என் தலையில். உச்சந்தலை முதல் உள்ளங்கால் வரை உதறினேன்.

"அட, மேனேஜரு சிலுப்பிட்டாருங்கோ!" என்றாள் ஒருத்தி.

"அப்ப மாலையப் போடுங்க, வெட்டிரலாம்!" என்றார் பூசாரி. ஊரே விழுந்து விழுந்து சிரித்தது.

பல் கிடுகிடுக்க ஊர்க்கவுண்டரைத் தனியே இழுத்தேன். "ஐயா, எம் வேலையே போயிருமுங்க. சும்மா கொஞ்ச நேரம் மேளம் அடிச்சு ஆடிக் காட்டுங்களேன்."

அவர் சிரிப்பு நின்றது. "உத்தரவு இல்லாம ஆடுனா அது டான்ஸுங்க. நாளைக்கு எங்க புள்ளைங்க எதுக்கு ஆடறோம்னு கேட்டா, வேன் வந்துச்சுன்னு சொல்றதுங்களா? உங்கள நெனச்சா நொம்ப சங்கடமாத்தான் இருக்குது. ஆனா முடியாதுங்க."

வேன் மலையிறங்கியது. கான்ட்ராக்டும் அதோடு போனது.

3. செவ்வாய்க்கிழமை

செவ்வாய்க்கிழமை காலையில் ஊர்க்கவுண்டர் போன் செய்தார். "சிலுப்பிருச்சுங்க! வாங்க."

லீவு கேட்கும் தொல்லை எனக்கு இல்லை. திங்கட்கிழமையே வேலையை விட்டு அனுப்பியிருந்தார்கள். ஏற்காட்டு ஒண்டிக்கடை ஸ்டாப்பில் பஸ் ஏறினேன்.

பந்தி ஓரத்தில் கூசி நின்றவனை ஊர்க்கவுண்டர் கையைப் பிடித்து உட்காரவைத்தார். "கூச்சப்படாதீங்க. இன்னைக்கு நீங்க எங்க ஊட்டு விருந்தாளிங்க."

எத்தனையோ விருந்தாளிகளை அந்த மலைக்கு ஏற்றிப்போனவன் நான். என்னை ஒருவர் அப்படிச் சொன்னது அன்றுதான். இலைக்கு முன்னால் வெட்கங்கெட்டு அழுதேன். குழம்பு காரம் என்று சமாளித்தேன்.

இந்தத் தொழிலுக்கு வரும் தம்பி தங்கைகளே, காரிடார் இன்னும் பலரை மேலே கொண்டுவரும். தாராளமாகக் கூட்டிப்போங்கள். மலையூர்க்காரர்களின் திருவிழாவுக்கு மட்டும் நீங்கள் தேதி குறிக்காதீர்கள். குறித்தால் வேலை போகும். அப்போதும் கூப்பிட்டுச் சோறு போடப்போவது அந்த ஊர்க்காரர்கள்தான்.