பேட்டரிக்கடைக்காரரின் பல்லும் பன்றித் தோலும்

என் மகளின் நிச்சயம் நின்றுபோனதற்கு ஜாதகம் காரணம் இல்லை. நாங்கள் வேதக்காரர்கள், ஜாதகம் பார்ப்பதில்லை. நகையும் காரணம் இல்லை. பச்சைப் பட்டாணி அளவில் ஒரு ஈய உருண்டைதான் காரணம்.

பையனும் பெண்ணும் ஒரே ஆஸ்பத்திரியில் வேலை. எல்லாவற்றையும் அவர்களே பேசி முடித்துவிட்டார்கள். பெரியவர்கள் நாங்கள் கூடிச் சாப்பிட்டு, தலையாட்டுவது மட்டும்தான் பாக்கி. அதற்காகத்தான் போன கிறிஸ்மஸுக்கு மறுநாள் பையனின் அப்பா குடும்பத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். தெமியாங் டவுனில் கார் பேட்டரிக் கடை வைத்திருப்பவர். குறைவாகப் பேசுவார், நிறைவாகச் சாப்பிடுவார். நல்ல மனிதர்.

நாங்கள் இருப்பது சுவா என்ற ஊருக்கு உள்ளே, எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டம் ஒன்றில். இங்கே ஒரு வழக்கம் உண்டு. காட்டுப்பன்றி விழுந்தால், வீட்டுக்கு வந்த பெரிய விருந்தாளிக்குத் தொடைத் தோலை வைக்க வேண்டும். மயிரை நெருப்பில் பொசுக்கி, கத்தியால் வழித்து, மிளகு போட்டுக் கறுக்க வறுத்த தோல். விரல் கனம் இருக்கும். ‘கறி வச்சா விருந்து, தோல் வச்சா உறவு’ என்பார்கள் எங்கள் லயத்து வரிசை வீடுகளில்.

அன்றைக்கு அவருக்குத் தோல் வைத்தேன். ஒரு கடி. ‘டக்’ என்று ஒரு சத்தம். முன்பல் பாதியாக உடைந்து, துப்பாக்கி ரவையோடு அவர் உள்ளங்கையில் கிடந்தது. அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாதானம் செய்திருக்கலாம். கையைக் கழுவி, சட்டையை இழுத்துவிட்டு, “பல்லு போனா சொல்லு போச்சுன்னு சொல்வாங்க. அப்புறம் பேசுவோம்ணே” என்று என் கணவரிடம் சொல்லிவிட்டுக் காரில் ஏறிவிட்டார். அந்த ‘அப்புறம்’ மாதக்கணக்கில் வரவேயில்லை. மகள் வேலைக்குப் போவாள், வருவாள், சோற்றைப் பிசைந்துகொண்டே இருப்பாள்.

அந்தப் பன்றியைச் சுட்டவன் என் தம்பி. தோட்டத்தில் மண்டோர், ஆட்களை வேலை வாங்கும் கங்காணி. இளம் செம்பனைக் கன்றுகளைப் பன்றி தோண்டித் தின்பதால் அவனுக்குத் துப்பாக்கி லைசென்ஸ் உண்டு. அந்தக் கிறிஸ்மஸில் அவனுக்கும் ஒரு துக்கம் சேர்ந்துகொண்டது. இரண்டு பன்றிகள் ஒட்டி நின்றனவாம். இவன் ஒரே தோட்டாவைச் சுட்டானாம். சின்னது விழுந்தது, பெரியது ஓடிவிட்டது.

“பெருசுக்கும் பட்டுச்சுக்கா. இடது தொடையில. நான் பாத்தேன்” என்பான்.

யார் நம்புவார்கள்? ‘ஓடுன பன்னிக்கு எடை அதிகம்’ என்று ஒரு சொல் எங்களிடம் ஏற்கெனவே இருக்கிறது. கடைக்கு ரொட்டி வாங்கப் போனால்கூட, “என்ன மண்டோர், பெருசு நொண்டிக்கிட்டு வந்துச்சா? அடிபட்டதுக்குப் பணம் கேட்டு சொக்சோவுல எழுதிப் போட்டுருக்குமே?” என்று கேட்பார்கள். அவன் ரொட்டி வாங்காமலே திரும்பிவிடுவான்.

டுரியான் விழும் காலம் வந்தது. பையன் எப்படியோ அப்பாவைச் சம்மதிக்க வைத்துவிட்டான். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து மதியம் சாப்பிட வருவார்கள். ஆனால் அவர் சொல்லி அனுப்பியதை மகள் என்னிடம் சொல்லும்போது அவள் குரலே இறங்கிவிட்டது.

“தோல் கறி கண்டிப்பா வேணுமாம்மா. அதுல ரவை இருந்துச்சுன்னா, அதோட கும்பிடுன்னு சொல்லிட்டாராம்.”

அன்று சாயங்காலமே தம்பியைச் சமையல்கட்டுக்கு வரச் சொன்னேன், தோட்டாக்களோடு. பெலுரு என்றுதான் இங்கே எல்லாரும் சொல்வது. வளையல்காரன் மாதிரி மேசையில் வகைவகையாகப் பரப்பினான்.

“இது சின்ன ரவைக்கா. பறவை, அணிலுக்கு.”

“பன்னிக்கு அடிச்சா?”

“சாவாது. தோல் முழுக்க மிளகு தூவுன மாதிரி ஆயிரும்.”

“மிளகு நான் போட்டுக்கிறேன். அடுத்தது?”

“இது பெரிய ரவை. ஒரு தோட்டாவுக்குள்ள எட்டு ஒம்போது உருண்டை, சுட்டா சிதறும். பன்னிக்கு இதான் வழக்கம். கிறிஸ்மஸுக்குப் போட்டது.”

“அத என் கண்ணு முன்னால வைக்காத.”

கடைசியாக ஒன்றை எடுத்தான். உள்ளே சிதறுகிற ரவை கிடையாது, கட்டைவிரல் பருமனில் ஒற்றைக் குண்டு. அது ஒன்றுதான் உள்ளே போகும், ஒரு ஓட்டைதான் விழும் என்றான். எனக்கு அது பிடித்துவிட்டது. வீட்டில் எல்லாருக்குமே பலவாகச் சிதறுகிற புத்திதான், குண்டாவது ஒன்றாக இருக்கட்டும்.

ஆனால் கண்ணால் பார்க்காமல் எதையும் வாங்கிப் பழக்கம் இல்லை. புடவையைக்கூட வெளிச்சத்தில் பிரித்துப் பார்ப்பவள் நான். “ஒண்ணு சுட்டுக் காட்டு” என்றேன்.

“எதச் சுடுறது?”

தடித்த தோலாக வேறு எது இருக்கிறது? கொல்லையில் என் கணவர் கோணி கட்டிப் பாதுகாத்துவந்த பலாக்காய்தான். தோட்டத்தில் டிராக்டர் ஓட்டுபவர் அவர். என்னிடம் பேசியதைவிட அந்தக் காயைத் தட்டித் தட்டிப் பேசியது அதிகம். அவர் வேலையிலிருந்து வருவதற்குள் அதை ஓடைக்கரை மேட்டில் வைத்து, என் தம்பி சுட்டான். முன்பக்கம் கட்டைவிரல் நுழையும் அளவுக்கு அழகான ஒரு துளை. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. காயைத் திருப்பினேன். பின்பக்கம் என்று ஒன்று இல்லவே இல்லை. சுளையும் சக்கையும் மேடெல்லாம் அப்பிக் கிடந்தது.

“உடம்புல சுட்டா இப்பிடித்தான் தொடையும் போயிரும்” என்றான் தம்பி, ஏதோ என் தப்பு மாதிரி. “காதுக்குப் பின்னால, கழுத்துல போடணும். அப்பத்தான் தோல் தப்பிக்கும். கிட்டக்க போகணும்.”

“போ.”

“சரிக்கா. இந்த வகையில ரெண்டுதான் இருந்துச்சு. ஒண்ணு பலாவுக்குப் போச்சு.”

அதை மேசையிலேயே சொல்லியிருக்கலாம். என் மகளின் கல்யாணம் ஒரே ஒரு குண்டில் வந்து நின்றது. என் கணவர் வீட்டுக்கு வந்து, வெறும் கோணியைக் கையில் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் நின்றார். “பன்னி ஓட்டை ஆவக்கூடாதுன்னு என் பலாவ ஓட்டை பண்ணிட்டீங்க” என்று மட்டும் சொன்னார்.

சனிக்கிழமை பொழுது சாயும் முன்பே தம்பியும் என் கணவரும் ஓடை ஓரத்து டுரியான் மரத்தடிக்குப் போனார்கள். விழுந்த பழத்துக்குப் பன்றி வரும் இடம் அது. நான் அடுப்படியில் நின்று, ஒரு வெடிச் சத்தம் கேட்கவேண்டும் என்றும் இரண்டாவது கேட்கவே கூடாது என்றும் மாதாவிடம் வேண்டிக்கொண்டேன். இரண்டாவது கேட்டால் அது பெரிய ரவை என்று அர்த்தம்.

ஒன்று கேட்டது. பிறகு தவளைச் சத்தம். பிறகு என் போன்.

“விழுந்துருச்சு” என்றார் கணவர். “காதுக்குப் பின்னால. அவன் சுடுறதுக்குள்ள எனக்குத்தான் உயிர் போச்சு. கிட்டக்க கிட்டக்கன்னு போயி, அது மேல உக்காந்துருவான்னு நெனச்சேன்.”

பெரிய பன்றி. மறுநாள் விடிந்ததும் லயத்தார் எல்லாரும் வந்துவிட்டார்கள். தென்னை ஓலையைக் கொளுத்தி மயிரைப் பொசுக்கினார்கள். என் தம்பி கத்தியைத் தொடவே இல்லை. ஒவ்வொருவராகப் பிடித்து நிறுத்தி, காதுக்குப் பின்னால் சுட்ட கதையைக் கையை நீட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான். புதுப் பெருமை வந்ததும் பழைய துக்கம் அவனுக்கு மறந்தே போனது. இடது தொடையை வழித்தபோது சுருங்கிய சின்னத் தழும்பு ஒன்று தெரிந்தது. என்ன அது என்று கேட்டேன். “முள்ளு குத்திருக்கும்” என்றார் கணவர்.

ஆனாலும் சோதிக்காமல் விடக்கூடாது என்று அவருக்கே தோன்றியிருக்கிறது. பழைய ஒலிபெருக்கிப் பெட்டியை உடைத்துக் காந்தத்தைக் கழற்றிக் கொண்டுவந்தார். துண்டு போட்ட கறிமேல், தோல்மேல், மெதுவாக, நோயாளிக்கு ஸ்கேன் எடுப்பதுபோல அதை நகர்த்தினார். லயமே மூச்சடக்கிப் பார்த்தது. காந்தத்தில் ஒன்றும் ஒட்டவில்லை. பக்கத்தில் வைத்திருந்த கத்தி மட்டும் ஒட்டியது.

“சுத்தம்” என்றார். எல்லாரும் கைதட்டினார்கள். நானும்தான்.

மதியம் அவர்கள் வந்தார்கள். பேட்டரிக்கடைக்காரருக்குப் புதுப் பல், கொஞ்சம் கூடுதல் வெள்ளையாக. அவரையே ஜெபம் சொல்லச் சொன்னார் என் கணவர். அவரும் சொன்னார். உணவுக்காக நன்றி, பற்களுக்காக நன்றி என்று நீண்டது. நான் தொடைத் தோலை வைத்தேன். மகள் தண்ணீர்க் குவளையோடு சுவரோரம் நின்றாள். பேட்டரிக்கடைக்காரர் தோலை வலப்பக்கக் கடைவாயில் வைத்து, பயந்து பயந்து மென்றார். முகம் இளகியது. இன்னொன்று எடுத்தார். மூன்றாவதை நானாக வைத்தேன், யாரும் கேட்கவில்லை.

‘டக்.’

அந்தச் சத்தத்தை நான் மறந்திருந்தேன் என்று நினைத்திருந்தேன். இல்லை. அவர் மனைவி பாய்ந்து, “வாயத் தொறங்க” என்று மாட்டுக்குப் பார்ப்பதுபோல் பார்த்து, “பல்லு இருக்கு” என்றார். ஆனால் தட்டின் ஓரத்தில் பட்டாணி அளவில் சாம்பல் நிற உருண்டை ஒன்று உருண்டு நின்றது. மகள் குவளையைக் கீழே வைத்தாள். பேட்டரிக்கடைக்காரர் மெதுவாகக் கைக்குட்டையை மடித்தார்.

அப்போது குழம்பு வாளியோடு நின்ற என் தம்பி, வாளியை அப்படியே தரையில் வைத்துவிட்டுத் தட்டின்மேல் குனிந்தான்.

“அக்கா! என் ரவைக்கா இது!”

“டேய், சும்மா இருடா!”

“நேத்து சுட்டது ஒத்தக் குண்டு, அதுல ரவையே கெடையாது. இது எப்பிடி வந்துச்சு? இது எந்தப் பக்கத்துத் தோலு?”

“இடது” என்றேன்.

“இடது தொடை! ஐயா, நீங்க கடிச்சீங்களே, அது கிறிஸ்மஸ் ரவை! ஓடிப்போன பெருசு இதுதான்! நான் சொன்னேன்ல? யாராச்சும் நம்புனீங்களா?” அவன் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. ஓர் அக்காவின் வீட்டு நிச்சயம் கவிழ்ந்துகொண்டிருக்கும்போது இப்படி ஒரு மனிதன் சந்தோஷப்பட்டு நான் பார்த்ததில்லை.

“காந்தம் வச்சுப் பாத்தோமே, ஒண்ணும் ஒட்டலயே” என்றார் என் கணவர், நம்பமுடியாமல்.

பேட்டரிக்கடைக்காரர் அவரை ஏற இறங்கப் பார்த்தார். “ஈயத்த காந்தம் இழுக்காது லா, அண்ணே. ஈயத்துலதான் என் பொழப்பே.” பிறகு ரவையை எடுத்துத் துடைத்து, உள்ளங்கையில் உருட்டினார். கணக்குப் போடுவதுபோல் மேலே பார்த்தார். “இருங்க மண்டோரே. அன்னைக்கு ரெண்டு பன்னிக்கும் ஒரே தோட்டாதானே?”

“ஒரே தோட்டாதான் ஐயா.”

“சின்ன பன்னியில இருந்த ரவை என் பல்ல ஒடைச்சுச்சு. பெரிய பன்னியில இருந்தது ஆறேழு மாசம் காட்டுல சுத்திட்டு, அதுவும் என் வாய்க்கே வந்திருக்கு.”

அவர் தோளில்தான் முதலில் சிரிப்பு தெரிந்தது. பிறகு வயிறு. கடைசியில் அந்த வெள்ளைப் பல்.

“இதுக்கு மேல ஓடி நான் எங்க போறது? கல்யாணத் தேதியச் சொல்லுங்க சம்மந்தி!”

அந்த ஒரு சொல்லை அதுவரை அவர் எங்களைப் பார்த்துச் சொன்னதே இல்லை. என் கணவர் எழுந்து நின்றுவிட்டார், தேசிய கீதம் கேட்டதுபோல. மகள் சமையல்கட்டுக்குள் ஓடினாள். அழுதாளா சிரித்தாளா என்று போய்ப் பார்த்தேன், இரண்டும்தான்.

கூடத்தில் அதற்குள் புதுச் சண்டை. என் தம்பி ரவையைக் கேட்கிறான், லயத்தில் காட்டவேண்டுமாம். பேட்டரிக்கடைக்காரர் சட்டைப்பையை மூடிக்கொண்டு, “என் வாய்க்கு வந்தது எனக்குத்தான்” என்கிறார். கடைசியில், அவர் காப்பி குடித்து முடிக்கும்வரை கடன் கொடுப்பது என்று முடிவானது. தம்பி ரவையை ஒரு தட்டில் வைத்துக்கொண்டு, பரிசத் தட்டு தூக்குகிறவன் மாதிரி, நேராக ரொட்டிக் கடைக்குத்தான் நடந்தான். அவர் இரண்டாவது காப்பி கேட்டு வாங்கி, வேண்டுமென்றே மெதுவாகக் குடித்தார்.