ஓவர்சீர் வீட்டுக் குளிர்காற்று

என் மாமனாரின் கட்டிலுக்குப் பக்கத்துச் சுவரில் நான்கு கயிறுகள் தொங்கின. நான்கும் மேலே ஏறி, கூரையை ஒட்டி ஓடிய தகரக் குழாய்க்குப் போயின. ஒரு கயிற்றை இழுத்து ஆணியில் மாட்டினால் அவருடைய அறைக்குள் குளிர்ந்த காற்று இறங்கும். இன்னொன்று கூடத்துக்கு, அடுத்தது கணவரின் அண்ணனான என் மூத்தாரின் அறைக்கு, கடைசிக் கயிறு எங்கள் அறைக்கு. ஆணியிலிருந்து கழற்றிவிட்டால் அந்த அறைக் குழாயின் மூடி ‘டப்’பென்று விழுந்துவிடும். படுத்த இடத்திலிருந்து கையை நீட்டினாலே எட்டும் உயரத்தில் அவற்றை அமைத்திருந்தார். வேறு யாரும் தொடக்கூடாது.

சென்னையில் என் மகன் வீட்டில் இப்போது வெளியே ஒரே ஒரு இயந்திரம் நிற்கிறது. அதிலிருந்து ஒவ்வோர் அறைக்கும் தனித்தனியாகக் குளிர் போகிறது. யாருக்கு எவ்வளவு வேண்டுமோ அவரவர் வைத்துக்கொள்கிறார்கள். வருகிறவர்களிடம் அதைக் காட்டும்போதெல்லாம் அவன், “எங்க தாத்தா சித்தூர்ல அந்தக் காலத்துலயே இதைச் செஞ்சு வெச்சிருந்தார்” என்கிறான். அவர்களும் வாயைப் பிளக்கிறார்கள். எனக்கு வயிறு எரிகிறது. அந்தத் தாத்தாவின் குளிர்காற்றால் இவன் சாகக் கிடந்த கதை இவனுக்கு நினைவிருக்க நியாயமில்லை. கைக்குழந்தையாக இருந்தான். நினைவிருக்கிறவள் நான்தான், அதனால் எழுதிவைக்கிறேன்.

மாமனார் ஏரிகளையும் கால்வாய்களையும் பார்த்துக்கொண்ட ஓவர்சீர். ஓய்வு பெற்ற பிறகும் ஊரில் அதுதான் அவருக்குப் பெயர். வீட்டின் பின்புறம் ஒரு சின்ன அறை கட்டி, மூன்று பக்கமும் சுவருக்குப் பதிலாக வெட்டிவேர்த் தட்டிகளை நிறுத்தினார். மேலே அடியில் துளையிட்ட ஒரு நீண்ட தொட்டி. அதில் தண்ணீர் ஊற்றினால் தட்டிகளில் சொட்டிக்கொண்டே இருக்கும். உள்ளே பெரிய மின்விசிறி ஒன்று ஈரத் தட்டிகளின் வழியே காற்றை இழுத்துத் தகரக் குழாய்க்குள் தள்ளும். இல்லாததைச் சொல்லமாட்டேன், அது நன்றாகவே வேலை செய்தது. பாறைக் குன்றுகள் சூழ்ந்த சித்தூரில் கத்திரி வெயில் நாளில் வெட்டிவேர் வாசத்தோடு அந்தக் காற்று முகத்தில் படும்போது, அதைச் செய்த மனிதனைக்கூட ஒரு நிமிடம் மன்னிக்கத் தோன்றும்.

ஆனால் அந்தத் தொட்டிக்குத் தண்ணீர் சேந்தியது யார் என்பதை என் மகன் யாருக்கும் சொல்வதில்லை. நானும் என் மாமியாரும் சேந்தினோம். கோடையில் கிணறு அடியில் கிடக்கும். கயிறு உள்ளங்கையை அறுக்கும். காலையில் நிரப்பினால் மதியத்துக்குள் வற்றிவிடும், மறுபடியும் சேந்த வேண்டும். நாள் முழுவதும் சமையலறையிலேயே கிடந்த அத்தைக்குக் குழாய் கிடையாது. ஒருமுறை கேட்டதற்கு, “அடுப்பாண்ட காத்து போனா நெருப்பு நிக்குமா?” என்றார் மாமனார். நியாயம்தான். அடுப்பு அணைந்த பிறகும் அத்தை அங்கேதான் படுத்தாள் என்பது அவர் கணக்கில் வரவில்லை.

அந்த மூடிகளை அவர் ‘மதகு’ என்றுதான் சொல்வார். உத்தியோகத்தில் இருந்தபோது வணக்கம் சொல்லாத குடியானவனின் வயலுக்குப் போகும் மதகை மூடிவைத்ததைப் பெருமையாகச் சொன்னவர். வீட்டிலும் அதே வழக்கம். திட்டமாட்டார், முகம் சுளிக்கமாட்டார், கயிற்றைக் கழற்றிவிடுவார். நாங்கள் ஏதோ தவறு செய்துவிட்டோம் என்பதே வியர்த்துக் கொட்டத் தொடங்கிய பிறகுதான் தெரியும். என்ன தவறு என்பதை நாங்களே யோசித்துக் கண்டுபிடித்து, போய் நிற்க வேண்டும்.

ஆந்திர மாநிலம் தனியாகப் பிரிந்து சித்தூர் மாவட்டம் மொத்தமும் அந்தப் பக்கம் போயிருந்த சமயம் அது. தமிழ் பேசும் ஊர்களைச் சென்னை மாநிலத்தோடு சேர்க்கச் சொல்லி எங்கும் கூட்டம், ஊர்வலம். என் கணவர் பள்ளியில் தமிழாசிரியர். புத்தூருக்கும் நகரிக்கும் திருத்தணிக்கும் கூட்டங்களுக்குப் போய்வந்தார். மாமனாரும் புத்தூர்ப் பக்கத்துத் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர்தான். ஆனால் புதிதாக வந்த அதிகாரிகளிடம் நல்ல பெயர் வாங்கி, மூத்த மகனுக்கு ஏதாவது காரியம் சாதித்துக்கொடுக்க வேண்டும் என்பது அவர் எண்ணம். ஒருநாள் சாப்பிட உட்கார்ந்த கணவரைப் பார்த்து, “நீ மேடையில ஏறிப் பேசினியாமே?” என்றார்.

“ஆமா நைனா. கேக்கறது நம்ம ஊரைத்தானே.”

“என் வூட்ல இருந்துக்கினு, என் சோத்தைத் துன்னுக்கினு, எனக்கே குழி தோண்டறியா?”

அன்று மதியம் எங்கள் அறையின் மூடி விழுந்தது. இந்த முறை போய் நிற்க என் கணவர் மறுத்துவிட்டார். மூடியும் திறக்கவில்லை.

எங்கள் அறை மேற்குப் பார்த்தது. பிற்பகலில் சுவரில் கை வைக்க முடியாது. தவழத் தொடங்கியிருந்த மகனுக்கு உடம்பெல்லாம் வேனல் கட்டி, பிறகு காய்ச்சல். பால் குடிப்பதை நிறுத்தினான், அழுவதையும் நிறுத்தினான். வெக்கையில் வைக்காதே, குளிர்ச்சியாக வைத்துக்கொள் என்றார் டாக்டர். மூத்தார் ரேணிகுண்டாவில் ரயில்வே வேலையில் இருந்தார், ஞாயிறு மட்டும்தான் வருவார். பூட்டிக் கிடந்த அவருடைய அறைக்கு மட்டும் வாரம் முழுவதும் காற்று ஓடிக்கொண்டிருந்தது. குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு நான் மாமனார் முன்னால் போய் நின்றேன்.

“மாமா, குழந்தைக்கு ரொம்ப முடியல. மூத்தார் ரூம் சாவியாவது குடுங்க.”

கண்ணைத் திறக்காமலே சொன்னார்: “உன் புருசனை வந்து கேக்கச் சொல்லு.”

நான் திரும்பிவிட்டேன். கிணற்றடிக்குப் போய்த் தண்ணீர் சேந்தினேன். குடத்தைத் தொட்டிக்குக் கொண்டுபோகாமல் எங்கள் அறைக்குக் கொண்டுபோனேன். என் புடவைகளை நனைத்து ஜன்னலிலும் வாசலிலும் தொங்கவிட்டேன், தரையில் ஊற்றினேன், ஈரத் துணியைக் குழந்தையின் மேல் போர்த்தி விசிறிக்கொண்டே இருந்தேன். அத்தை எட்டிப் பார்த்தாள். அடுத்த குடத்தை அவளே தூக்கிக்கொண்டு வந்தாள். பின்னால் தொட்டி காய்ந்துகொண்டிருந்தது எங்கள் இருவருக்கும் தெரியும்.

அன்றுதான் மாமனார் ஒரு பெரிய அதிகாரியை விருந்துக்கு அழைத்திருந்தார். தன் கைவேலையைக் காட்ட நான்கு மதகில் மூன்றைத் திறந்து, அவரைக் கூடத்துக் குழாயின் நேர் கீழே உட்காரவைத்தார். காய்ந்த தட்டிகளின் வழியே விசிறி வெளியிலிருந்த அனலை அப்படியே இழுத்து விருந்தாளியின் தலையில் கொட்டியது. “ஏமண்டி ஓவர்சீர்காரு, வேடிகாலி வஸ்தோந்தே?” என்று அவர் சிரித்தது என் அறை வரைக்கும் கேட்டது. சூடான காற்றல்லவா வருகிறது என்ற அந்த ஒரு கேள்வியும் சிரிப்பும் போதும். அடுத்த குடத்துக்காக நான் கிணற்றடியில் அத்தையிடம் போய் நின்றபோது மாமனார் பாய்ந்து வந்தார்.

“தொட்டியில தண்ணி எங்கடி?” என்று அத்தையிடம் கத்தினார்.

அத்தை கயிற்றை விடவில்லை. நான் அந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் அவரை நிமிர்ந்து பார்த்துப் பேசிக் கேட்டதில்லை. அன்று பார்த்தாள்.

“புள்ள சாவக் கெடக்குது. உனுக்கு வேணும்னா நீ சேந்திக்கோ.”

‘நீ’ என்றாள். அவர் கையை ஓங்கினார். கூடத்தில் விருந்தாளி இருப்பது நினைவுக்கு வந்ததோ என்னவோ, ஓங்கிய கை அப்படியே இறங்கியது. அத்தை குடத்தை நிரப்பி என்னிடம் கொடுத்தாள்.

பொழுது சாய்ந்ததும் குழந்தை சிணுங்கினான். பிறகு உரக்க அழுதான். அந்த அழுகையைப் போல் இனிமையான ஒன்றை நான் அதற்குப் பிறகு கேட்டதில்லை. மறுநாள் மாமனார் எங்கள் பெட்டியை எடுத்து வாசலில் வைத்தார். திருத்தணியில் என் பிறந்த வீட்டுக்குப் போனோம். அங்கேயே ஒரு பள்ளியில் கணவருக்கு வேலை கிடைத்தது. எங்களோடு வந்துவிடச் சொன்னபோது அத்தை, “நான் வந்துட்டா இவரு எங்கிட்ட தோத்தமாதிரி ஆயிடும், ஊர்ல தலை காட்டமாட்டாரு” என்றாள். அந்த மனிதனுக்காக அப்போதும் யோசித்தாள் என்பதை என்னால் இன்றுவரை பொறுக்க முடியவில்லை.

சில ஆண்டுகள் கழித்து எல்லை முடிவானது. திருத்தணி சென்னையோடு சேர்ந்தது. சித்தூரும் புத்தூரும் நகரியும் அங்கேயே நின்றுவிட்டன. “பாதி வீடு இங்க, பாதி வீடு அங்க” என்று என் கணவர் அன்று சாப்பிடாமல் படுத்துக்கொண்டார். மாமனார் தான் ஜெயித்துவிட்டதாகத் தெருவில் சொல்லிக்கொண்டு திரிந்தாராம்.

அடுத்த கோடையில் அத்தை செத்துப்போன செய்தி வந்தது. அடுப்பருகே மயங்கி விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவளைக் கூடத்தில் கிடத்தியிருந்தார்கள். நான் கிணற்றடிக்குப் போய் ஒரு குடம் சேந்தி எடுத்துக்கொண்டு வந்தேன். மாமனார் தன் அறை வாசலில் நின்றிருந்தார். அத்தனை ஆண்டுகளுக்குப் பிறகு என்னிடம் அவர் பேசிய முதல் பேச்சு இது:

“நல்லவேளை வந்தே. பெரிய மனுசங்க வராங்க. தொட்டியில கொஞ்சம் ஊத்து.”

“இது அத்தையைக் குளிப்பாட்ட” என்றேன். அவரைத் தாண்டிக்கொண்டு கூடத்துக்குப் போனேன்.

அவள் தலையிலிருந்து கால்வரை குளிரக் குளிர ஊற்றினேன். தீர்ந்ததும் போய் இன்னொரு குடம் கொண்டுவந்தேன். போதும் என்று பெண்கள் சொன்னார்கள். நான் நிறுத்தவில்லை.